“நம்மால் முடியுமா?” என்று யோசித்தே ஓய்ந்துபோகிறவர்களுக்கு ஒரு நோட்டும் சில படிகளும்

என்னிடம் கார் லைசென்ஸ் 14 ஆண்டுகளாக இருக்கிறது. அதில் 13 ஆண்டுகள் அது பர்ஸில் ஆதார் கார்டுக்குத் துணைக்கு இருந்ததோடு சரி. வாசலில் கார் நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான் ஆட்டோவுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பேன். “அண்ணி, நீங்கதான் லைசென்ஸ் வச்சிருக்கீங்களே” என்று நாத்தனார் கேட்கும்போதெல்லாம் கைவசம் ஒரு காரணம் இருக்கும். மழை வருகிற மாதிரி இருக்கிறது. கண்ணாடி பவர் மாற்ற வேண்டும். புதூர் பக்கம் இந்நேரத்துக்குக் கூட்டமாக இருக்கும்.

உண்மைக் காரணம் வேறு. முந்தின ராத்திரியே படுத்தபடி அந்தப் பயணத்தை முழுக்க ஓட்டிப் பார்த்திருப்பேன். மூன்று இடத்தில் இடித்து, ஓரிடத்தில் வண்டி நின்றுபோய், பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடித்து, நாலு பேர் திட்டி, வீடு வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும். காலையில் சாவியைத் தொடவே அலுப்பாக இருக்கும். ஓட்டாத வண்டியை ஓட்டிக் களைத்துப்போன ஆள் நான்.

போன ஆண்டு அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தேன். வந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குக் கார்; உங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. பரீட்சையாக இருக்கலாம், ஆபீஸ் மீட்டிங்கில் வாய் திறப்பதாக இருக்கலாம், வீட்டிலிருந்தபடி இட்லி மாவு விற்பதாக இருக்கலாம். செய்முறை ஒன்றுதான்.

முதலில் கேள்வியை மாற்றுங்கள்

“என்னால் முடியுமா?” என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் கண்டுபிடிக்க முடியாது. உட்கார்ந்து யோசித்தால் மண்டை பழைய கதைகளைத்தான் எடுத்து நீட்டும். எனக்கு அது எடுத்து நீட்டியது, வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே சொன்ன ஒரு வரியை: “உங்களுக்கெல்லாம் ஸ்கூட்டி போதும்மா.” அவர் அன்றே மறந்திருப்பார். நான் 13 ஆண்டு மனப்பாடமாக வைத்திருந்தேன்.

கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும், என்னால் முடியும்” என்று சொல்லிக்கொள்ளும் வைத்தியத்தையும் பார்த்தாயிற்று. குளிக்கும்வரை தாங்கும்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு காரியத்தில் “என்னால் முடியும்” என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்பது அவர் கணக்கு: நாமே செய்து பார்த்தது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்டது, மற்றவர்கள் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடம்பு இருக்கும் நிலை. நான்கில் வலுவானது முதலாவது. நாமோ நம்பிக்கை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்கிறோம். அது செய்த பிறகுதான் வருகிறது.

ஆகவே கேள்வி இப்படி மாறட்டும்: “வியாழக்கிழமைக்குள் எதைச் செய்து பார்த்தால் எனக்கு ஒரு பதில் கிடைக்கும்?”

மண்டையில் இருப்பதைக் காகிதத்தில் கொட்டுங்கள்

40 பக்க நோட்டு ஒன்று போதும். போன் வேண்டாம், போனை எடுத்தால் எங்கே போய் நிற்போம் என்று உங்களுக்கே தெரியும். அரை மணி நேரம், அந்தக் காரியத்தைப் பற்றி மனசில் ஓடுகிற அத்தனையையும் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். எழுதிய பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு எழுத்துப் போடுங்கள். யாரிடமாவது கேட்டாலே தீர்ந்துவிடும் என்றால் “கே”. பழகினால் தீரும் என்றால் “ப”. கேட்டும் தீராது, பழகியும் தீராது என்றால் “சு”, அதாவது சும்மா.

என் பக்கத்திலிருந்து சில வரிகள்:

இன்ஷூரன்ஸ் தேதி முடிந்துவிட்டதோ? – கே
மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டால்? – ப
ரிவர்ஸில் கேட்டுக்குள் விடத் தெரியாது – ப
இந்த வயசில் எதுக்கு இந்த வேலை என்று எதிர்வீட்டில் பேசுவார்கள் – சு
ராத்திரி எதிரே வரும் லைட் கண்ணைக் கூசுகிறது – கே (கண் டாக்டர்)
யாராவது குறுக்கே வந்தால்? – ப
நான் இதற்கெல்லாம் லாயக்கில்லை – சு

27 வரி எழுதியிருந்தேன். அதில் “கே” போட்டவை 5. ஒரே நாளில் தீர்ந்தன. இன்ஷூரன்ஸ் பாக்கி ஏழு மாதம் இருந்தது. கண் டாக்டர் பவரை மாற்றி எழுதிக்கொடுத்தார். 13 ஆண்டு சொல்லிவந்த சாக்கில் இவ்வளவு நிஜமும் இருந்திருக்கிறது! சந்தேகம் எல்லாமே பொய் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சந்தேகமே இல்லாமல் ஓட்டுகிறவர்களை மதுரை ரோட்டில் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

“சு” வரிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவற்றுக்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்கப்போகிறோம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இலக்கு ஒன்றே ஒன்று

“பயம் போக வேண்டும்” என்பது இலக்கு ஆகாது. பயம் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது? “நன்றாகப் படிக்க வேண்டும்”, “தைரியமாகப் பேச வேண்டும்” எல்லாமே இந்த வகைதான். அவற்றில் செய்ய வேண்டிய வேலை என்ன என்றும் தெரியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது. யோசனைப் பேய்க்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் நல்ல தீனி.

எட்வின் லாக், கேரி லேதம் என்ற இருவர் இலக்கு நிர்ணயிப்பதைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். “உன்னால் ஆனதைச் செய்” என்று சொல்வதைவிட, இன்னது என்று திட்டமாகச் சொல்லப்பட்ட, கொஞ்சம் கடினமான இலக்கு கொடுத்தால் மனிதர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட முக்கியமான முடிவு. பலர் இதோடு நிறுத்திவிட்டு “பெரிதாகக் கனவு காண்” என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் வேலையே புதிது, இன்னும் கைவரவில்லை என்னும்போது “இத்தனை மார்க் எடுப்பேன்” என்கிற இலக்கைவிட “இன்னதைக் கற்றுக்கொள்வேன்” என்கிற இலக்குதான் நல்லது என்றும் அந்த ஆராய்ச்சியே சொல்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த இரண்டாம் பகுதிதான் முக்கியம். குரூப் 4-க்கு முதன்முறை படிக்கிறவர் “200-க்கு 170 கேள்வி” என்று சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் 95 வாங்கி மனம் உடைவதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். “இந்த மாதம் 25 கணக்குக் கேள்விகளில் தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம் மூன்றும் தடுமாறாமல் போட வேண்டும்” என்று வைத்திருந்தால் அவருக்கும் தூக்கம் வந்திருக்கும், எங்களுக்கும் வந்திருக்கும்.

என் இலக்கை இப்படி எழுதினேன்: “மூன்று மாதத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புதூரிலிருந்து அழகர்கோவிலுக்கு நானே வண்டி ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும்.” மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி என்று போகும் பாதை, சின்ன வயசிலிருந்து பஸ்ஸில் போய்ப் பழகியது. போக இருபது கிலோமீட்டருக்குள்தான். யார் கேட்டாலும் போனாயா, இல்லையா என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்.

இரண்டு இலக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஆங்கிலம், உடம்பு இளைப்பது, கார் மூன்றையும் ஒரே தைமாதம் முதல் தேதி தொடங்கியவள் நான். மாசி பிறப்பதற்குள் மூன்றும் போயிற்று.

படி வெட்டுவது

இதுதான் உள்ளதிலேயே முக்கியமான இடம், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

இலக்கை மலை என்று வைத்துக்கொண்டால், மலைப்பாக இருப்பதற்குக் காரணம் உயரம் இல்லை, படி வெட்டாததுதான். ஒவ்வொரு படியையும் எழுதி, “இந்த வாரம் இதைச் செய்துவிடுவேனா?” என்று உங்களுக்கு நீங்களே பத்துக்கு மார்க் போடுங்கள். 7-க்குக் கீழே வந்தால் உங்களிடம் கோளாறு இல்லை, படி உயரமாக இருக்கிறது. பாதியாக வெட்டுங்கள். 7 வரும்வரை வெட்டுங்கள். எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

நான் முதலில் எழுதிய படி: “தெருமுனை வரை ஓட்டுவது.” மார்க் 4. சரி என்று வெட்டினேன். “கேட்டுக்கு வெளியே எடுத்து நிறுத்துவது.” மார்க் 6. இன்னும் வெட்டினேன். “இன்ஜினை ஆன் செய்யாமல் சீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்து, சீட்டையும் மூன்று கண்ணாடிகளையும் என் உயரத்துக்குச் சரிசெய்வது.” மார்க் 9. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் தெரிந்தது, அத்தனை ஆண்டும் கணவர் உயரத்துக்கு இருந்த சீட்டில் உட்கார்ந்துதான் எனக்குக் கிளட்ச் எட்டவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன் என்பது.

மேட்டில் வண்டி எடுப்பது தனிப் படியாக இருந்தது. அதற்கு இரண்டு வாரம். எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும் இடம் ஒரு சின்ன மேடு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் வைத்து, இடது காலைக் கிளட்சிலிருந்து மெல்ல, மிக மெல்ல எடுக்க வேண்டும். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனத்துப்போகும். வண்டியின் மூக்கு ஒரு விரற்கடை மேலே எழும். அங்கேயே காலை நிறுத்த வேண்டும். அதுதான் ஹாஃப் கிளட்ச். பிறகு ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் போகாது. இது புத்தியில் இருந்தால் போதாது, உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டும். பக்கத்து சீட்டில் கணவர், ஞாயிறு காலை ஆறு மணி, காலி ரோடு. முதல் நாள் பதினோரு தடவை எடுத்துப் பார்த்ததில் ஏழு தடவை வண்டி நின்றுவிட்டது. இரண்டாம் ஞாயிறு ஏழு தடவையில் ஒன்றே ஒன்று.

படிகளை மொத்தமாக முதல் நாளே வெட்டி முடிக்க வேண்டாம். அடுத்த மூன்று தெரிந்தால் போதும். எல்லாவற்றையும் திட்டம் போட்டே தீருவேன் என்று உட்கார்ந்தால் அதுவும் யோசனை நோயின் இன்னொரு வேஷம். கலர் பேனா வாங்கி டைம்டேபிள் போட்டே பரீட்சையைக் கோட்டைவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

“அப்படி ஆகிவிட்டால்?” என்பதற்கு ஒரு பதில் எழுதிவையுங்கள்

அதிகம் யோசிப்பவர்களுக்கு ஒரு திறமை உண்டு. என்னென்ன தப்பாகப் போகும் என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவதுதான் குறை. “சிக்னலில் வண்டி நின்றுவிட்டால்...” என்று தொடங்கி, அங்கேயே சுற்றிச் சுற்றி வருவோம். அந்த வாக்கியத்தை முடித்து எழுத வேண்டும்.

“சிக்னலில் வண்டி நின்றுவிட்டால், பிரேக்கையும் கிளட்சையும் முழுசாக மிதித்து, நியூட்ரல் போட்டு, சாவியைத் திருப்பி, முதல் கியர் போடுவேன். பின்னால் ஹார்ன் அடிப்பவரைக் கண்ணாடியில் பார்க்க மாட்டேன்.”

இந்த ‘இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்’ முறையை ஆராய்ந்தவர் பீட்டர் கோல்விட்சர். வெறுமனே “செய்வேன்” என்று உறுதி எடுப்பவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. 2011-இல் மசிகாம்போ, பாவ்மைஸ்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: முடிக்காமல் கிடக்கும் காரியம் மனசுக்குள் வந்து வந்து தொந்தரவு செய்யும், ஆனால் அதற்குத் திட்டவட்டமாக ஒரு திட்டம் போட்டுவிட்டாலே, காரியம் முடியும் முன்பே, அந்தத் தொந்தரவு குறைந்துவிடுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு மண்டை ஏன் திரும்பத் திரும்ப அதையே பிடித்துக்கொள்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கே மறந்துவிடுவோமோ என்று அது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது. நோட்டில் ஏறிவிட்டது என்று தெரிந்தால் கொஞ்சம் அடங்குகிறது.

பேசப் பயப்படுபவர் இப்படி எழுதலாம்: “மீட்டிங்கில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், ‘பார்த்துவிட்டு மதியத்துக்குள் சொல்கிறேன்’ என்பேன்.” நான்கைந்து வாக்கியம் போதும். நாற்பது எழுதினால் மறுபடி பழைய கதைதான்.

கவலைக்கு ஒரு நேரம்

“யோசிக்காதே” என்று சொன்னால் யாருக்காவது யோசனை நிற்குமா? தள்ளிவைக்க முடியும். தாமஸ் போர்கோவெக்கும் அவரோடு இருந்தவர்களும் 1983-இல் எழுதிய முறை இது: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குவது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் “உன் முறை சாயங்காலம்” என்று அனுப்பிவிடுவது.

எனக்கு ஆறரை மணி, மொட்டைமாடி, 20 நிமிடம். “சு” போட்ட வரிகளை அங்கே எடுத்துக்கொண்டு போவேன். முதல் வாரம் நேரம் போதவில்லை. மூன்றாம் வாரத்தில் எதிர்வீட்டைப் பற்றி ஏழு நிமிடத்துக்கு மேல் கவலைப்பட வரவில்லை. துணி எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரே நிபந்தனை, படுக்கப்போகும் நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். படுக்கை தூங்குவதற்கு மட்டும்.

முன்னே, பின்னே

நோட்டின் பின்பக்கத்திலிருந்து நெடுக்காகக் கோடு போட்டு இரண்டு பத்தி பிரியுங்கள். ஒவ்வொரு படிக்கும் முன்னால் “என்ன ஆகும் என்று நினைக்கிறேன்”. முடித்த பின் “என்ன ஆயிற்று”. ஒவ்வொன்றும் ஒரு வரி.

முன்னே: மூன்றுமாவடியில் வண்டி நிற்கும், எல்லாரும் திட்டுவார்கள்.
பின்னே: நின்றது. ஒரு டவுன்பஸ் ஹார்ன் அடித்தது. இளநீர்க்காரர் கையைக் காட்டி வழிவிட்டார். 15 விநாடி.

இந்த மாதிரி இருபது வரி சேர்ந்த பிறகு, “நீ லாயக்கில்லை” என்று மண்டை சொல்லும்போது நோட்டைத் திறந்து காட்டலாம். வாய்ப்பேச்சுக்கு மசியாத மனசு, நம் கையெழுத்துக்குக் கொஞ்சம் மசிகிறது. நடக்கும் என்று பயந்தது நடந்த நாட்களையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆறாம் வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் உரசி, இடது பின்கதவில் ஒரு முழம் கோடு விழுந்தது. அதுவும் நோட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் சாவியைத் தொடவில்லை.

அப்படி நின்றுபோகும்போது ஒன்றுதான் செய்ய வேண்டும்: விட்ட படிக்கே திரும்பி ஏற முயலாமல், ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். நான் மறுபடி தெருமுனைக்குப் போனேன். பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. “21 நாளில் மாறலாம்” என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

யாரிடம் சொல்வது

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். போட்ட உடனே வருகிற கைதட்டல் படங்களில் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடும். மீதிப் பேர் “பார்த்து, ஜாக்கிரதை” என்று பயமுறுத்துவார்கள். ஒரே ஒருவர் போதும். அறிவுரை சொல்லாமல், “இந்த வாரப் படி என்னாச்சு?” என்று மட்டும் கேட்கிறவராக இருக்க வேண்டும். எனக்கு அது நாத்தனார். பண்டூரா சொன்ன இரண்டாவது வழிக்கும் ஆள் தேடுங்கள்: நம்மைப் போலவே தடுமாறிக் கற்றுக்கொண்டவர். என் தெருவில் 52 வயதில் கார் பழகிய டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் வண்டியிலும் கோடுகள் இருப்பதைப் பார்த்தபோது கிடைத்த ஆறுதல், எந்தப் பேச்சாளரிடமும் கிடைத்ததில்லை.

இந்த நோட்டு எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, அல்லது உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் படி வெட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் அரசுடையது. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் இருக்கிறது.

அழகர்கோவிலுக்கு மூன்று மாதத்தில் போகவில்லை. நாலரை மாதம் ஆயிற்று. போய் இறங்கி, பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் நின்று, வண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் சுற்றிவிட்டு வந்தோம். திரும்பும்போது கணவர் பக்கத்து சீட்டில் தூங்கிவிட்டார். அதை நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.

இப்போதைய பக்கத்தில் இருப்பது கோரிப்பாளையம் சிக்னல், தனியாக, வாரநாள் சாயங்காலம். மார்க் 3. வெட்டி, ஞாயிறு காலை ஆறரை மணி, பக்கத்தில் நாத்தனார் என்று ஆக்கியிருக்கிறேன். அதற்கு 7.